கத்தி பட்டால் பரவுமாம்

தூமானின் மலத்தில் ரத்தம் இருக்கிறதாம். பரிசோதனை நிலையத்திலிருந்து போன் செய்த பெண், பார்சல் வந்திருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற குரலில் இதைச் சொன்னாள். குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தாக வேண்டும், தள்ளிப்போடாமல் வரச் சொல்லுங்கள் என்றாள். போனை எடுத்தவள் தூமானின் மனைவி பில்நாம்.

குன்சான் துறைமுகச் சந்தையில் பில்நாமின் பன்றிக்குடல் சூப்புக் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் வாயைத் தெரியாதவர்களும் கிடையாது. பில்நாம் என்றால் ‘அடுத்தது கட்டாயம் ஆண்’ என்று அர்த்தம். மூன்று பெண்களுக்குப் பிறகு நாலாவதாக வந்து பிறந்தவளுக்கு அவள் அப்பா ஆத்திரத்தில் வைத்த பெயர். அந்த ஆத்திரத்தை அவள் அறுபது வருடமாக ஊருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“யோவ்! காதுல விழுந்துச்சா? உன் பீயில ரத்தமாம்!”

சூப் குடித்துக்கொண்டிருந்த படகுக்காரர்கள் இரண்டு பேரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். மூலையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த தூமானின் முகம் உரித்த பூண்டு நிறத்துக்குப் போய்விட்டது.

“ரத்தமா? எவ்வளவு ரத்தம்?”

“ஆமா, படி போட்டு அளந்து சொல்வாங்க! கேக்குறதைப் பாரு.”

அவன் எழுந்து வந்து அவளையே பார்த்தான். முகத்தைப் பார்த்தான், பிறகு ஏப்ரன் கட்டியிருந்த வயிற்றைப் பார்த்தான்.

“உனக்கு வயிறு எப்படி இருக்கு?” என்றான்.

“என் வயித்துக்கு என்ன கேடு? ரத்தம் உன்னுது. பயத்துல மூளை கலங்கிப்போச்சா? போய்ச் சட்டையை மாத்து, இப்பவே போவோம்.”

“இப்ப வேணாம். பாக்கலாம்.”

பாக்கலாமாம்! தூமானின் வம்சமே இந்த ஒரு சொல்லால் அழிந்த வம்சம். அவன் அப்பாவுக்குக் குடலில் புற்று வந்தபோது அவரும் பாக்கலாம் என்றுதான் சொன்னார். கத்தி பட்டால் அது பரவிவிடும் என்று எவனோ சொல்லிவிட்டான். அதை நம்பி மலையடிவாரத்தில் ஒரு குடிசையில் போய் உட்கார்ந்து, காளான் கஷாயம் குடித்து, காட்டுக் காற்றை உள்ளிழுத்து, கடைசியில் கல்லீரல் முழுக்கக் கட்டி கட்டியாகி மஞ்சள் பூத்துச் செத்தார். பீத்துணி துவைத்தது யார்? பில்நாம். அதனால்தான் இலவச மலப் பரிசோதனைக்கு அரசாங்கம் அனுப்பும் குப்பியை டிசம்பர் முழுக்கப் புருஷன் மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தாள். குடுத்தியா, இன்னும் குடுக்கலையா, வருஷம் முடியப் போகுது, குடுத்தியா? அவனுக்கோ பனிக்காலம் வந்தாலே மலச்சிக்கல். உலர்ந்த பெர்சிமன் பழத்தைத் திருட்டுத்தனமாகத் தின்பான். தின்றால் கட்டிக்கொள்ளும் என்று தெரிந்தே தின்பான். நாள் கணக்கில் கக்கூஸில் உட்கார்ந்து முக்கிவிட்டு வெறுங்கையோடு வெளியே வருவான். எப்படியோ கடைசி நேரத்தில் ஒரு காலையில் குப்பியை நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

அவளுக்கும் அதே குப்பி வருடம் தவறாமல் வரும். வந்த கையோடு குப்பைக்குப் போகும். “காலையில மணி அடிச்ச மாதிரி போறவளுக்கு எதுக்குய்யா டெஸ்ட்டு?” என்பாள். இந்தக் குளிரில் கொஞ்சம் இளைத்திருந்தாள். மதியத்தில் சோர்ந்து முட்டைக்கோஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிடுவாள். உன்னோட மாரடிச்சு மாரடிச்சே தேஞ்சு போறேன் என்று அதற்கும் அவன் தலையில்தான் விடிந்தது.

செய்தி கேட்டு, பக்கத்து அரிசிக்கேக் கடை கும்ரே ஒரு தட்டு கேக்கோடு வந்துவிட்டாள். யார் வீட்டில் எழவு விழும் என்று தெரிந்தாலும் முதலில் மோப்பம் பிடிப்பது அவள்தான்.

“அக்கா, ஆயிரம் சொல்லு, கத்தி மட்டும் வைக்க விட்டுடாதே. எங்க பெரியம்மா மகன் கதை தெரியும்ல? நல்லா நடந்து போனவன். வயித்தைத் தொறந்தாங்க, காத்து பட்டுச்சு, உடம்பு பூரா பரவிடுச்சு. தொறந்த வேகத்துல மூடித் தையல் போட்டு அனுப்பிட்டாங்க. இலையுதிர் காலத்துக்குள்ள ஆளு இல்ல.”

“ஏண்டி, தொறந்து பாத்தப்பவே பூரா பரவியிருந்துச்சு, அதனால மூடுனாங்க. இது கூடவா புரியாது? காத்து பட்டா பரவுமாம்! நீ வாயைத் தொறந்து வச்சிருக்கிறதுக்கு உனக்குத்தான் முதல்ல பரவியிருக்கணும்.”

“நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன்க்கா.”

“கேள்விப்பட்டதைக் கேக்கோட சேத்து அவிச்சுத் தின்னு. எங்கிட்டக் கொண்டாராதே.”

கும்ரே முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். தட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். அந்த அளவுக்கு அவள் நல்லவள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் தூமான் அசைந்து கொடுத்தால்தானே? ஒரு வாரம் போனது, இரண்டாவது வாரமும் போனது. கூப்பிட்டால் பாக்கலாம். திட்டினால் பூண்டு உரிக்கப் போய்விடுவான். இதற்கு நடுவில் அவனுக்கு ஏதோ கோட்டி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கனமான சூப்புப் பானையை அவள் தூக்கப் போனால் பறித்துக்கொள்கிறான். எங்கிருந்தோ காளான் கஷாயம் வாங்கிவந்து சுடவைத்து, தான் குடிக்காமல் அவளுக்கு ஊற்றிக் கொடுக்கிறான். அவள் கக்கூஸுக்குப் போனால் வெளியே வந்து நிற்கிறான்.

அந்தக் கக்கூஸ் ஒரு தனிக் கேவலம். கடைக்குப் பின்னால், வெளிச்சுவரை ஒட்டி. பனி இறங்குவதற்கு முன்பே தண்ணீர்க் குழாயில் பழைய போர்வையைச் சுற்றிவை என்று அவள் அக்டோபரிலேயே சொன்னாள். அதற்கும் பாக்கலாம். டிசம்பர் நடுவில் குழாய் உறைந்து தொட்டி காய்ந்துபோனது. அன்றிலிருந்து போய்விட்டு வந்தால், சமையலறைப் பானையிலிருந்து வாளியில் வெந்நீர் மொண்டுபோய் ஊற்ற வேண்டும். அறுபது வயதில் பொம்பளைக்கு இந்தப் பிழைப்பு.

“கதவுகிட்ட என்னய்யா காவல்?” என்று கேட்டாள் ஒருநாள்.

“ஒண்ணுமில்ல. நல்லாப் போச்சா?”

“தூ! வெக்கங்கெட்டவனே. உன் குடலுக்கு வழியைப் பாரு முதல்ல.”

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை அவளுக்குப் பொறுமை அறுந்துபோனது. கசாப்புக் கூடத்திலிருந்து குடலும் கல்லீரலும் ஒன்றாகவே வரும். பிரித்து எடுப்பது அவள் வேலை. அதைப் பிரிக்காமல் அப்படியே பலகையில் விரித்துப்போட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள்.

“இங்க வா. உங்கப்பன் சாகும்போது டாக்டர் எனக்குப் படம் போட்டுக் காட்டுனதை உனக்குக் காட்டுறேன். மண்டையில ஏறுதா பாப்போம். இது குடல். குடலைப் பிடிச்சிருக்கே இந்தக் கொழுப்புச் சவ்வு, இதுல சின்னச் சின்ன நரம்பா ஓடுதே, இதெல்லாம் ரத்தக் குழாய். எல்லாம் சேந்து பெரிய குழாயா எங்க போகுது? விரலை வச்சுப் பாரு.”

தூமான் விரலை வைத்து நகர்த்தினான். விரல் கல்லீரலில் போய் முட்டியது.

“கல்லீரல்,” என்றான்.

“அப்பாடா, எட்டாங்கிளாஸ் பாஸ். குடலோட உள்சுவத்துல ஒரு குருணை மாதிரி அது முளைக்குது. முளைச்சுச் சும்மா இருக்குமா? தோண்டும். தோண்டித் தோண்டி ரத்தக் குழாய்க்குள்ள தலையை நீட்டும். அதுலேருந்து ஒண்ணு ரெண்டு பிச்சுக்கிட்டுப் போகும். ரத்தம் எங்க இழுத்துட்டுப் போகுதோ அங்க போகும். வழியிலேயே முக்கால்வாசி செத்துடும். அது நம்ம நல்ல காலம். ஆனா செத்தது போக ஒண்ணே ஒண்ணு இங்க வந்து ஒட்டிக்கிட்டு, இடம் நல்லாருக்கேன்னு குடித்தனம் போட்டுச்சு, முடிஞ்சுது கதை. உங்கப்பனுக்கு அப்படித்தான் போச்சு. எந்தக் கத்தியும் படல. எந்தக் காத்தும் படல. மலையில உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தப்பவே போச்சு.”

“எவ்வளவு நாள் ஆகும்?” என்றான் தூமான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“எதுக்கு?”

“இங்கேருந்து அங்க போறதுக்கு. இன்னைக்கு ரத்தம் வருதுன்னு வச்சுக்க. எவ்வளவு நாள்?”

“அது உன்னைக் கேட்டு நாள் குறிச்சுக்கிட்டா போகும்? போயிருந்தாலும் போயிருக்கும். அதுக்குத்தான் வந்து படுங்குறேன்.”

அவன் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததாலேயே கோபம் இரட்டிப்பானது.

“சீ, அழுவாதே. ஆம்பளையா நீ? உன்னை எவன் இப்ப அறுத்தான்?”

“நீயும் வந்தா நான் வர்றேன்,” என்றான்.

“எங்க?”

“கேமரா பாக்க. நீயும் படுத்துப் பாத்துக்கிட்டாத்தான் நானும் பாப்பேன். இல்லாட்டி மாட்டேன். கொன்னாலும் மாட்டேன்.”

முப்பத்தைந்து வருடத்தில் அவன் ஒரு விஷயத்தில் பிடிவாதம் பிடித்து அவள் பார்த்ததில்லை. தெருவில் விழுந்து மிட்டாய் கேட்கும் பிள்ளைபோல நிற்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“துணைக்கு ஆள் வேணுமா? சரி வந்து தொலைக்கிறேன். உனக்குப் பயம் தெளிய நான் பின்னாடி காட்டிக்கிட்டுப் படுக்கணும், என் தலையெழுத்து.”

கேமரா பார்ப்பதற்கு முந்தின நாள் குடலைக் கழுவ மருந்து குடிக்க வேண்டும். குடிப்பது என்றால் டம்ளர் கணக்கில் இல்லை, பாட்டில் கணக்கில். இரண்டு பேருக்கு ஒரு கக்கூஸ், உறைந்த குழாய், ஒரு வாளி. கடையை மூடிவிட்டு மத்தியானத்திலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி ஓடினார்கள். அவள் உள்ளே இருக்கும்போது அவன் வெளியே வாளியோடு குதித்துக்கொண்டு நின்றான். அவன் உள்ளே இருக்கும்போது அவள் கதவை உதைத்தாள். “போர்வை சுத்து போர்வை சுத்துன்னு தொண்டை கிழியச் சொன்னேனேய்யா!” என்று அவள் கத்தியது அடுத்த தெரு வரைக்கும் கேட்டது. கும்ரே சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்த சத்தமும் கேட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தூக்க ஊசி போட்டுத்தான் பார்த்தார்கள். பில்நாம் கண் விழித்தபோது தூமான் முன்னாலேயே எழுந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். செத்தவன் போல இருந்தான். ஐயோ, இவனுக்கு அது இருக்கத்தான் செய்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

டாக்டர் பாங் அவர்கள் வயதை ஒட்டிய மனிதர். முதலில் தூமானின் படங்களைக் காட்டினார்.

“உங்க குடல் சுத்தமா இருக்கு. ஒரு சின்னப் புண்ணு கூட இல்ல.”

பில்நாமுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு வாயும் வந்தது. “பாத்தியா? இதுக்கா மூணு வாரம் செத்துக்கிட்டிருந்தே? கோழை, கோழை! இவ்வளவு பெரிய கோழையைக் கட்டிக்கிட்டு...”

“அம்மா,” என்றார் டாக்டர். “உங்களுது.”

திரையைத் திருப்பினார். தினமும் காலையில் மூன்று மணிநேரம் குடல் கழுவுகிறவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. ரோஜா நிறச் சுவரில் ஓர் இடம் மட்டும் கருகி, புடைத்து, ஓரம் கடித்ததுபோல் இருந்தது. அங்கங்கே ரத்தம் கசிந்திருந்தது. அப்படி ஒரு குடல் பலகைக்கு வந்தால் அவள் அதைப் பேசாமல் குப்பையில் எறிந்துவிடுவாள்.

“இது என்னுது இல்ல,” என்றாள்.

“அம்மா...”

“மாத்திப்புட்டீங்க! இதான் உங்க ஆஸ்பத்திரி லட்சணமா? ரத்தம் வந்தது இவரோட பீயில. டெஸ்ட்டு குடுத்தது இவரு. என்கிட்டேயிருந்து ஒரு துளி கூட நீங்க வாங்கலையே! படிச்சிருக்கீங்கன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா ஆச்சா? பேரைப் பாத்துப் போடுங்க. கொளுத்திடுவேன் நான்!”

டாக்டர் திரையின் மூலையில் இருந்த அவள் பெயரைத் தொட்டுக் காட்டினார். தூமான் பேசினான்.

“அவங்க மாத்தல. நான்தான் மாத்துனேன்.”

“என்னய்யா உளர்ற?”

“அன்னைக்குக் கடைசி நாளு. நாலு நாளா எனக்குப் போகல. நீ வேற குடுத்தியா குடுத்தியான்னு உயிரை வாங்குற. காலையில நீ போயிட்டு, ஊத்துறதுக்கு வெந்நீர் எடுக்க உள்ள போனே. மீன்காரன் வந்தான், அவனோட சண்டை போட்டுக்கிட்டு நின்னுட்டே. குப்பி என் பையிலதான் இருந்துச்சு. நான் உள்ள போய்...” அவன் தலையைத் தொங்கப்போட்டான். “பள்ளிக்கூடத்துல பூச்சி டெஸ்ட்டுக்குப் பீயைப் பொட்டலம் கட்டிக் கொண்டாரச் சொன்னப்போ கூட, பக்கத்து வீட்டுப் பையன்கிட்டத்தான் கடன் வாங்கிட்டுப் போனேன். அவன் பூச்சிக்கு நான் மாத்திரை தின்னேன். அந்த மாதிரிதான்னு நினைச்சேன்.”

டாக்டர் பாங்கின் வாய் ஓரம் ஒரு கணம் துடித்தது. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தானே அவரும். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

பில்நாமுக்கு எல்லாம் ஒவ்வொன்றாக உறைத்தது. ரத்தமா, எவ்வளவு ரத்தம்? உனக்கு வயிறு எப்படி இருக்கு? நல்லாப் போச்சா? நீயும் வந்தா நான் வர்றேன்.

“அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா? ஏன்டா பீயைத் திருடுனேன்னு அடிச்சிருப்பே. டெஸ்ட்டுப் பொய்யின்னுருப்பே. உனக்கு எதுவும் வராதுன்னுருப்பே. தினமும் சொல்லணும்னுதான் வாயைத் தொறப்பேன். உன் மூஞ்சியைப் பாத்தா வராது.”

அடித்திருப்பாள்தான். அதில் அவளுக்கே சந்தேகமில்லை. இப்போதும் கை துறுதுறுத்தது, ஆனால் எழவில்லை.

இரண்டு நாள் கழித்து ஸ்கேன் முடிவுக்காக அதே நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சியோலுக்குப் போ, இந்த ஊர் டாக்டருக்கு என்ன தெரியும் என்று கும்ரே வழியெல்லாம் போனில் ஓதியிருந்தாள். டாக்டர் பாங் கல்லீரலின் படத்தில் பேனாவால் இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டினார். இரண்டும் மொச்சைக்கொட்டை அளவு.

“இங்கேருந்து ரத்தக் குழாய் வழியா இங்க போயிருக்கு. ஆனா ரெண்டே ரெண்டுதான், ரெண்டும் வெட்டி எடுக்குற இடத்துல இருக்கு. சிலருக்கு முதல்ல மருந்து குடுப்போம். உங்களுக்குக் குடல்ல அடைக்கிற மாதிரி இருக்குறதால குடலையும் இதையும் ஒண்ணாவே ஆபரேஷன் பண்ணிடலாம்னு பாக்குறோம். அப்புறம் மருந்து. வாய்ப்பு இருக்கும்மா. நல்ல வாய்ப்புன்னே சொல்வேன்.”

பில்நாம் படத்தையே பார்த்தாள். ஏப்ரன் இல்லாமல் அவள் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“டாக்டர்,” என்றாள். “கத்தி பட்டா காத்துப் புகுந்து பரவிடும்னு சொல்றாங்களே?”

அந்த அறையில் கும்ரே இல்லை. செத்துப்போன மாமனார் இல்லை. கேட்டது பில்நாமின் வாய்தான். குரல்கூட அவளுடையதாக இல்லை, குளிரில் நிற்கும் ஏதோ சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது. டாக்டர் பதில் சொல்வதற்கு முன் தூமான் அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். மணிக்கட்டில் விரலை வைத்தான்.

“இது குடல்,” என்றான். விரலை மெல்ல மேலே நகர்த்தினான். “இது குழாய்.” முழங்கை மடிப்பில் நிறுத்தினான். “இது கல்லீரல். ஏற்கெனவே போயிடுச்சும்மா. கத்தியும் படல, காத்தும் படல. நீ சூப் காய்ச்சிக்கிட்டு இருந்தப்பவே போயிடுச்சு. நீதானே காட்டுனே?”

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

அவன் டாக்டர் பக்கம் திரும்பினான். மூன்று வாரமாகத் தொண்டையில் சிக்கியிருந்ததை அப்போதுதான் கேட்டான். “அன்னைக்கே நான் சொல்லியிருந்தா, அந்த ரெண்டும் வந்திருக்காதா?”

“அது மூணு வாரத்துல வந்தது இல்ல,” என்றார் டாக்டர். “மாசக் கணக்கு. அதுக்கு மேலேயும் இருக்கலாம். அந்தக் குப்பி மட்டும் வரலைன்னா இன்னும் கொஞ்ச நாள்ல எடுக்க முடியாம போயிருக்கும்.”

தூமான் அழுதான். இந்தத் தடவை சீ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அக்டோபரில் அந்தக் குழாயில் போர்வை சுற்றியிருந்தால், தொட்டியில் தண்ணீர் இருந்திருக்கும். ஒரு இழுப்பில் எல்லாம் போயிருக்கும், குப்பிக்கு எதுவும் கிடைத்திருக்காது. இந்த உருப்படாதவன் உருப்படாதவனாக இருந்ததால்தான் டாக்டரின் பேனா தொட்டுக் காட்டிய கட்டி இரண்டோடு நின்றிருந்தது. இதை இவனிடம் சொன்னால் இனி வாழ்நாள் முழுக்கப் ‘பாக்கலாம்’ என்பான். ஆகவே சொல்லவில்லை.

நர்ஸ் சம்மதத் தாளைக் கொண்டுவந்து வைத்தாள். நோயாளிக்கு ஒரு கையெழுத்து, கூட வந்தவருக்கு ஒரு கையெழுத்து. தூமான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாகப் பேனாவை எடுத்து, நோயாளியின் இடத்தில் கொண்டுபோய் வைத்தான்.

பில்நாம் அவன் கையைத் தட்டிவிட்டுப் பேனாவைப் பிடுங்கினாள்.

“யோவ், அது என் இடம். ஒரு தடவை மாத்திக் குடுத்தது போதும்.”